முதுகறிந்து பை கொள்க

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் கல்லூரி நுழைவாயிலருகே சிறிது நேரம் நின்று நோக்குவது எமக்கு வழக்கம். முதலாண்டு மாணவர் புத்தாடையோடும் புதுப் பையோடும் வருவர். பைகள் பல வண்ணத்தன, பல வடிவத்தன. அதே மாணவரை அரையாண்டு கழித்து நோக்கினால் காட்சி மாறியிருக்கும். ஒருவன் பையில் தோள்வார் அறுந்து ஊக்கு குத்தப்பட்டிருக்கும். இன்னொருவன் பையில் ஜிப் வாய்பிளந்து நிற்கும். மற்றொருவன் இரு வார்களில் ஒன்றை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு ஒருபுறம் சாய்ந்து நடப்பான். பெற்றோர் உழைத்து ஈட்டிய பணம் ஆறு திங்களில் கந்தலாகிவிட்டதே என்னும் வருத்தம் ஒருபுறம். வளரும் பிள்ளையின் தோள் கோணுகிறதே என்னும் கவலை மறுபுறம்.

தமிழ்த்துறை மலரில் இலக்கியக் கட்டுரை எழுத வேண்டிய ஆசிரியர் முதுகுப்பையைப் பற்றி எழுதப் புகுவது முறையோ எனச் சிலர் வினவக்கூடும். மாணவனோடு நாள்தோறும் வகுப்பறைக்குள் வருகின்ற பொருள் அது. நூலையும் உணவையும் நீரையும் அதுவே சுமக்கிறது. விடுமுறையில் மலையேறச் சென்றாலும், மிதிவண்டியில் ஊர்சுற்றச் சென்றாலும் அதுவே உடன் செல்கிறது. அத்தகைய பொருளை நாம் நிறம் பார்த்து வாங்குகிறோம். பெயர் பார்த்து வாங்குகிறோம். முதுகைப் பார்த்து வாங்குவதில்லை. கல்லூரிக்கும் மிதிவண்டிக்கும் மலைக்கும் நன்கு தேர்ந்த ஒரே பை போதும் என்பதும், அதனைத் தேரும் அளவுகோல் கடைக்காரரின் சொல் அன்று, சுமப்பவரின் உடலே என்பதும் எம் கருத்து.

முன்னோர் கண்ட சுமையியல்

சுமையை எவ்வாறு சுமப்பது என்பதில் நம் முன்னோர் தேர்ந்த அறிவு உடையவர். பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம் இதற்குத் தக்க சான்று. கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் 583 அடிப் பாட்டு அது. நன்னனை நாடி மலைவழி செல்லும் கூத்தர் முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் முதலிய இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுச் சுருக்கிக் கட்டி எடுத்துச் செல்கின்றனர். காவுதடியின் இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு அவை கட்டப்பட்டிருந்தன என்றும், பலாக்காய்க் கொத்துப்போல் தோன்றின என்றும் பெருங்கௌசிகனார் காட்டுகிறார். ஒருபுறம் மிகுந்தால் நடை தளரும் என்பதைக் கூத்தர் அறிந்திருந்தனர். ஒற்றைத் தோளில் பையை மாட்டும் நம் மாணவர் இப்பாட்டைத் தேர்வுக்குப் படிக்கின்றனர், தோளுக்குப் படிப்பதில்லை.

கூலித் தொழிலாளர் தலையில் சுமை ஏற்றுமுன் துணியைச் சுருட்டி வைக்கும் சும்மாட்டையும் எண்ணிப் பார்க்கலாம். சுமை ஓரிடத்தில் குத்தாமல் பரவி அமர்வதற்கான ஏற்பாடு அது. பழைய சாலையோரங்களில் இன்றும் சில இடங்களில் காணப்படும் சுமைதாங்கிக் கல்லோ நம் நாட்டு அறச்செயல்களுள் ஒன்று. இரு கற்களை நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். வழிநடப்போர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது நிற்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அக்கல்லை நடுகின்ற வழக்கமும் இருந்தது.

காவடி சொல்வது சமநிலை. சும்மாடு சொல்வது பரவல். சுமைதாங்கி சொல்வது இளைப்பாறுதல். நல்ல முதுகுப்பையின் இலக்கணம் இம்மூன்றனுள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மலையிலிருந்து வகுப்பறைக்கு

இன்று நாம் அறிந்த முதுகுப்பை மாணவர்க்கெனப் பிறந்தது அன்று, மலையேறுவோர்க்கெனப் பிறந்தது. அமெரிக்காவில் டிக் கெல்ட்டி என்பவர் 1952-இல் தொடங்கிய தொழில், அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் கொண்ட பைகளைப் பரப்பியது. தோளில் தொங்கிய சுமையின் பெரும்பகுதியை இடுப்பெலும்பின்மேல் இறக்கியதே அதன் பெருமை. நைலான் துணியால் ஆன எடை குறைந்த சிறு பைகள் 1960களின் பிற்பகுதியில் பெருகின. மழை மிகுந்த சியாட்டில் நகரில் 1967-இல் தோன்றிய ஜான்ஸ்போர்ட் நிறுவனத்தின் மலைநடைப் பைகள், வாசிங்டன் பல்கலைக்கழக நூல் விற்பனை நிலையத்தில் இடம்பெற்றன. மாணவர் அவற்றில் நூல்களைச் சுமக்கத் தொடங்கினர். மலைப்பை கல்லூரிப் பையான கதை இதுவே.

எமது மாணவப் பருவத்தில், 1990களில், நம் ஊர்ப்புறக் கல்லூரிகளில் இத்தகைய பை அரிது. நூல்களை மிதிவண்டியின் கேரியரில் செருகிச் செல்வோம். அல்லது ஜவுளிக்கடை மஞ்சள் பையில் இட்டுச் செல்வோம். தமிழ் இலக்கிய மாணவர் எனில் தோளில் ஒரு ஜோல்னாப்பை தொங்குதல் வேண்டும் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. நாமும் அதற்கு விலக்கல்லோம். அப்பை அழகியது; ஆயினும் முழுச் சுமையையும் ஒரே தோளில் ஏற்றுவது. அந்த உண்மையை நாம் உணர்ந்தது ஒரு மலைமேல்.

பருவதமலையில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன்னர், மலைபடுகடாம் பாடம் நடத்திய பருவத்தில், அப்பாட்டில் வரும் நவிரமலையை நேரில் காண வேண்டும் என்று மாணவர் விழைந்தனர். திருவண்ணாமலை மாவட்டத்துப் பருவதமலையே பண்டை நவிரமலை என்பது அறிஞர் கருத்து. ஒரு விடுமுறை நாளின் விடியலில் அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கினோம். எம் தோளில் பழைய ஜோல்னாப்பை; மாணவர் முதுகில் கல்லூரிப் பைகள்.

அம்மலையின் மேற்பகுதியில் கடப்பாறைப் படி எனப்படும் செங்குத்தான பகுதி உண்டு. பாறையில் அடித்து இறக்கிய இரும்புக் கம்பிகளில் கால்வைத்து, சங்கிலியைப் பற்றி ஏறுதல் வேண்டும். இரு கைகளும் ஒழிந்திருந்தாலன்றி அங்கே ஏற இயலாது. பாசி படர்ந்து அடி வழுக்கும் இடங்களில் மூங்கில் முதலியவற்றின் கோல்களைப் பற்றிக்கொண்டு கடக்குமாறு மலைபடுகடாம் கூத்தர்க்கு அறிவுறுத்துவது அப்போது நினைவுக்கு வந்தது.

எமக்கு முன்னே ஏறிய ஒரு மாணவனின் பையில் ஒரு வார் பாதிவழியிலேயே அடியோடு பெயர்ந்துவிட்டது. மற்றொரு வாரை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு அவன் ஏறினான். சங்கிலியைப் பற்ற அவன் முன்குனிந்தபோது பை முதுகிலிருந்து வழுகி மார்புப் பக்கம் சுழன்று வந்து அவனை ஒருபுறம் இழுத்தது. கால் வழுக்கியது. கீழே நின்ற தோழன் அவன் குதிகாலைத் தன் தோளால் தாங்கிக்கொண்டமையால் முழங்காலில் சிராய்ப்போடு தீர்ந்தது. அந்நொடியில் எம் நெஞ்சு நின்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். அவனுடைய தாயிடம், “பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறோம்” என்று சொல்லி அழைத்து வந்தவர் நாமல்லவா? எம் ஜோல்னாப்பையும் அதே குற்றமுடையது என்பதை உணர்ந்து, அதன் வாரை முடிச்சிட்டுச் சுருக்கி முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே மேலே ஏறினோம்.

மேலே சென்று அமர்ந்தபின் அவன் பையைத் திறந்து பார்த்தோம். இரண்டு பெரிய குளிர்பானப் புட்டிகள், ஒரு போர்வை, பாட்டுக் கேட்கும் பெட்டி ஒன்று, இவற்றின் அடியில் மூன்று தடித்த நூல்கள். “இவை எதற்கு?” என வினவினோம். “சென்ற பருவத்துப் புத்தகங்கள் ஐயா, எடுத்துவைக்க மறந்துவிட்டேன்” என்றான். நான்கு திங்களாக வேண்டாத சுமையை நாள்தோறும் கல்லூரிக்குச் சுமந்து வந்து, இறுதியில் மலைமேலும் ஏற்றிவிட்டான். பையின் குறை பாதி. சுமப்பவரின் குறை பாதி. இக்கட்டுரைக்கு வித்து அன்று விழுந்ததே.

சுமையை முதலில் எடைபோடுக

பை வாங்கப் புறப்படுமுன் செய்யவேண்டிய செயல் ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு எடுத்துச் செல்லும் பொருள்கள் அனைத்தையும் பாயில் பரப்பி வைத்துப் பார்த்தல் வேண்டும். வேண்டாதவற்றை விலக்கிய பின்னர் எஞ்சியவற்றை எடைபோடுதல் வேண்டும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். மடிக்கணினி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிலோ. இவற்றோடு குறிப்பேடுகளும் உணவுப் பெட்டியும் குடையும் சேர்ந்தால் ஐந்து கிலோ எளிதில் நிறைந்துவிடும்.

நடுவண் அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருத்தலாகாது என்கிறது. இக்கணக்கைக் கல்லூரி மாணவரும் நாள்வழக்கிற்குக் கைக்கொள்வது நன்று. ஐம்பது கிலோ எடையுள்ள மாணவிக்கு ஐந்து கிலோ என்பது எல்லை. அதற்குமேல் போகுமெனில் மாற்ற வேண்டியது பையையன்று, உள்ளிருப்பவற்றையே.

எடையை அறிந்தபின் கொள்ளளவு. முதுகுப்பையின் கொள்ளளவை லிட்டரில் குறிப்பர். நூலும் கணினியும் உணவும் கொள்ள 20 லிட்டர் போதும். ஒரு நாள் மலைநடைக்குக் கூடுதலாக நீர், மழையாடை, போர்வைத்துணி வேண்டும் எனில் 25 லிட்டர் போதும். 35, 40 லிட்டர்ப் பைகளைச் சிலர் பெருமையாக வாங்குகின்றனர். பெரிய பையில் வெற்றிடம் கண்டால் கை சும்மா இராது. எதையேனும் இட்டு நிரப்பும். பாதி நிறைந்த பெரிய பையினுள் பொருள்கள் அங்குமிங்கும் உருண்டு நடையையும் கெடுக்கும்.

முதுகும் தோளும்

ஆளின் உயரத்தைக் கொண்டு பையைத் தேர்வது தவறு. உயரம் ஒத்த இருவரின் முதுகு நீளம் வேறுபடும். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் ஓர் எலும்பு முனை புடைத்துத் தோன்றும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக முதுகெலும்பில் உள்ள இடம்வரை ஒரு நாடாவால் அளந்து கொள்க. பையின் முதுகுப் பகுதி இவ்வளவை ஒட்டி அமைதல் வேண்டும். பையின் அடி இடுப்பைத் தாண்டிப் பிட்டத்தின்மேல் இடிக்குமாறு தொங்கினால் ஒன்று பை பெரிது. இன்றேல் வார் தளர்வு. வாரைத் தளர்த்திப் பையைத் தாழத் தொங்கவிடுவதை இளைஞர் அழகென எண்ணுகின்றனர். அது தோளைப் பின்னுக்கு இழுக்க, உடல் அதனை ஈடுசெய்ய முன்னே கூனுகிறது. இருபது வயதில் கூன் அழகாகுமா?

தோள்வாரில் சும்மாட்டின் தத்துவம் விளங்க வேண்டும். வார் அகன்றும் உள்ளே திண்மையான மெத்தை உடையதாகவும் இருத்தல் நன்று. கடையில் விரலால் அழுத்தியவுடன் பஞ்சுபோல் அமுங்கிவிடும் மெத்தை சுமையேறியதும் தட்டையாகிவிடும். அழுத்தினால் எதிர்த்து நிற்பதே நெடுநாள் தாங்கும். இரு வார்களையும் மார்பின் குறுக்கே இணைக்கும் சிறு பட்டை மிகப் பயனுடையது. சிறப்பாக, வழுவழுப்பான துப்பட்டாவோ புர்காவோ அணியும் மாணவியர்க்கு வார் தோளிலிருந்து நழுவாமல் காப்பது அதுவே. அப்பட்டை மேலும் கீழும் நகர்த்தத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

இடுப்புப் பட்டையைப் பற்றி ஒரு சொல். இவ்வளவு சிறிய பையில் வரும் மெல்லிய இடுப்புப் பட்டை சுமையைத் தாங்காது. பை ஆடாமல் பிடிக்க மட்டுமே உதவும். ஐந்தாறு கிலோவுக்கு அது போதும். பேருந்தில் பயணம் செய்யும்போது பிறர்மீது சிக்கிக்கொள்ளாதவாறு அதனைக் கழற்றவோ உள்ளே செருகவோ இயலுமா எனப் பார்த்துக்கொள்க. நெரிசலான பேருந்தில் முதுகுப்பையைக் கழற்றி முன்னே பிடித்துக்கொள்வது நாகரிகம். அமர்ந்திருப்போர் நிற்கும் மாணவரின் பையைக் கேளாமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் நம் ஊர்ப் பண்பும் ஒரு சுமைதாங்கியே.

கடையில் வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பது போதாது. நாள்தோறும் கொண்டு செல்லும் பொருள்களையே எடுத்துச் சென்று, அவற்றை உள்ளிட்டுப் பத்து நிமிடம் கடைக்குள் நடந்து பார்த்தல் வேண்டும். குனிக, நிமிர்க, கையை உயர்த்துக. இதற்கு இசையாத கடைக்காரரிடம் வாங்காமல் திரும்புவதில் இழிவு ஒன்றும் இல்லை.

துணியும் தையலும்

பைகளின் விளம்பரங்களில் 420, 600 என்னும் எண்களோடு டெனியர் என்னும் சொல் காணப்படும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர் என்பது அதன் பொருள். எண் பெரிதாயின் நூல் தடித்தது. ஆயினும் எண் ஒன்றே தரமாகிவிடாது. ஒரே தடிப்பில் நைலான் உராய்வை மிகுதியாகத் தாங்கும், பாலியஸ்டர் வெயிலை மிகுதியாகத் தாங்கும், விலையும் குறைவு. கல்லூரிக்கும் அவ்வப்போது மலைக்கும் செல்வோர்க்கு 600 டெனியர் பாலியஸ்டரோ, 420 டெனியர் நைலானோ போதும்.

துணியைவிட முன்னர்த் தோற்பது தையல். தோள்வார் பையோடு சேரும் மேல்மூலையைத் திருப்பிப் பார்க்க. ஒற்றை வரித் தையல் மட்டும் இருந்தால் விலக்குக. சதுரமும் அதனுள் குறுக்குக்கோடுமாகப் பல தடவை ஓடிய தையல் இருந்தால் கொள்க. பருவதமலையில் பெயர்ந்த வாரில் ஒற்றைத் தையலே இருந்தது. பையை உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டிப் பார்த்தால் துணியோரங்கள் நாடாவால் மூடித் தைக்கப்பட்டுள்ளனவா என்பது விளங்கும். மூடாத ஓரம் நூல்நூலாகப் பிரியும்.

அடுத்தது ஜிப். பெரும் பைகள் கெடுவது பெரும்பாலும் இச்சிறு உறுப்பால்தான். பல்வரிசை அகன்றதாக, மூலை திரும்பும்போது தடையின்றி ஓடுவதாக இருத்தல் வேண்டும். ஜிப் வாய்பிளந்தால் பையைத் தூக்கி எறிதல் வேண்டா. பெரும்பாலும் தேய்ந்திருப்பது ரன்னர் மட்டுமே. பை தைப்பவரிடமோ செருப்புத் தைக்கும் தொழிலாளரிடமோ கொடுத்தால் சிறு செலவில் மாற்றித் தருவர். அவர் பிழைப்பும் நடக்கும். நம் பணமும் மிஞ்சும்.

மழையைப் பொறுத்தவரை, தையலும் ஜிப்பும் உள்ள பை எதுவும் முழுதும் நீர்புகாதது என நம்புதல் தகாது. மேலே மழையுறை இடினும் முதுகுப்புறமாக நீர் இறங்கும். நூல்களையும் கணினியையும் தடித்த நெகிழி உறை ஒன்றனுள் இட்டுப் பின்னர்ப் பையில் வைப்பதே எளிய காப்பு. பையைக் கையால் துவைத்து நிழலில் உலர்த்துக; கடும் வெயில் நைலானின் வலிமையைக் குறைக்கும்.

மிதிவண்டியும் பையும்

எம் அத்தா மிதிவண்டியில் துணிப்பொதி கட்டி ஊர் ஊராகச் சென்று விற்றவர். விடியற்காலையில் அவர் பொதி கட்டுவதைக் கண்டு வளர்ந்தோம். கனத்த புடைவைக் கட்டு கேரியரின்மேல் அடியில். எடை குறைந்த துண்டுகள் அதன்மேல். அனைத்தையும் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுவார். கணக்குப் பையைக்கூட முதுகில் தொங்கவிட மாட்டார். “தம்பி, பாரத்தை வண்டி சுமக்கட்டும், நீ வண்டியை ஓட்டு” என்பார். அவர் பள்ளியில் பயின்றது குறைவு. ஆயினும் அச்சொல்லில் இயற்பியல் இருக்கிறது.

மிதிவண்டி ஓட்டுவோர் முன்குனிந்து அமர்கின்றனர். முதுகில் உள்ள சுமை இருக்கையையும் கைகளையும் அழுத்துகிறது. எடை உயரத்தில் நிற்பதால் வளைவில் வண்டியின் நிலைப்பும் குறைகிறது. முதுகில் வியர்வை பெருகுவதும் யாவரும் அறிந்ததே. எனவே மிதிவண்டியில் செல்லும்போது மூன்று நான்கு கிலோ வரை முதுகில் ஏற்றலாம். அதற்குமேல் பையைக் கேரியரில் வைத்து இறுகக் கட்டுதலே நன்று. முதுகில் மாட்டுவோர் கனத்த பொருளைப் பையின் அடியில், முதுகை ஒட்டி வைத்து, மார்புப் பட்டையைப் பூட்டிக்கொள்க. மலையேறும்போதோ கனத்த பொருள் முதுகின் நடுப்பகுதியில் உடலை ஒட்டி நிற்பது நல்லது. ஒரே பையாயினும் அடுக்கும் முறை வழிக்கேற்ப மாறும் என்பது இதனால் விளங்கும்.

தொங்கும் வார்முனைகளைச் சுருட்டிக் கட்டாமல் மிதிவண்டி ஓட்டுதல் ஆகாது. துப்பட்டாவும் வார்முனையும் சக்கரத்தில் சிக்கினால் விளையும் தீங்கு பெரிது. மாலை மங்கும் நேரத்தில் வண்டிகள் விரையும் நெடுஞ்சாலையில் கரும்பை கண்ணுக்குப் புலனாகாது. வெளிர்நிறப் பையோ, ஒளி பட்டால் மின்னும் பட்டை தைத்த பையோ உயிர்காப்பது. நிறம் பார்த்து வாங்க வேண்டும் என்று நாமும் சொல்லும் இடம் இது ஒன்றே.

விலையும் மதிப்பும்

விலை மிகுந்த பைகளே நல்லன என்பது எம் கருத்தன்று. பெயர்ப் பட்டைக்கும், பயன்படாத பத்துச் சிறு அறைகளுக்கும், நீர்க்குழாய் வசதிக்கும் கொடுக்கும் பணம் நம் மாணவர்க்கு வீண். தையலுக்கும் வாருக்கும் ஜிப்புக்கும் கொடுக்கும் பணம் வீணாகாது. ஐந்நூறு ரூபாய்ப் பையை ஆண்டுக்கு ஒன்றாக மூன்றாண்டில் மூன்று வாங்குவோர், ஆயிரத்து ஐந்நூறு ரூபாயையும் இழந்து மூன்றாண்டும் தோள்வலியையும் பெறுகின்றனர். அதே தொகையில், அல்லது அதனினும் குறைந்த தொகையில், தேர்ந்து வாங்கிய ஒரு பை பட்டம் பெறும்வரை உழைக்கும். தம்பி தங்கையர்க்கும் பயன்படும். கல்லூரிக்கு ஒன்று, உலாவுக்கு ஒன்று, மிதிவண்டிக்கு ஒன்று எனப் பை சேர்ப்பது வசதியுடையோர் பழக்கம். வசதியுடையோர்க்கும் அது தேவையன்று.

பணம் முழுவதும் இல்லாதார் என் செய்வது? அரசு பள்ளியில் வழங்கிய விலையில்லாப் பையையே கல்லூரிக்கும் கொண்டுவரும் பிள்ளைகளை நாம் அறிவோம். அதில் நாண ஒன்றுமில்லை. வார் சேரும் மூலைகளில் இரட்டைத் துணி வைத்துக் குறுக்குத் தையல் போடச் செய்து, வாருக்குப் பழைய துணியால் மெத்தை தைத்து, மார்பின் குறுக்கே ஒரு நாடா இணைத்தால் அப்பையே மலையேறும். தையற்காரர் அரைமணியில் செய்து தருவார்.

கல்வி நிலையங்களின் கடமை

சுமையின் பொறுப்பு முழுவதையும் மாணவர் தலையில் ஏற்றுவதும் நீதியாகாது. 1986 முதல் 1992 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண், பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமைக்காக அவையில் குரல் கொடுத்தார். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-இல் ‘சுமையற்ற கற்றல்’ என்னும் அறிக்கையை அளித்தது. தமிழகப் பள்ளிகளில் 2012-13-இல் முப்பருவ முறை வந்து, தடித்த நூல்கள் மூன்று மெல்லிய நூல்களாயின. பள்ளிப் பிள்ளைகளுக்காக இத்துணைப் பேர் எண்ணினர். கல்லூரிப் படி ஏறியவுடன் அப்பிள்ளையின் முதுகு இரும்பாகிவிடுகிறதா?

கல்லூரி நிருவாகத்தினர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் பணிவோடு ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஒவ்வொரு துறையிலும் மாணவர் தம் நூல்களை வைத்துப் பூட்டிச் செல்லச் சிறு நிலைப்பேழைகள் அமைத்துத் தருதல் வேண்டும். குடிநீர்க் குழாய்கள் எல்லாத் தளங்களிலும் தடையின்றி இயங்கினால் ஒவ்வொரு மாணவர் தோளிலிருந்தும் ஒரு கிலோ இறங்கும். ஆசிரியராகிய நாம் அன்றன்று வேண்டும் நூல் எது என முதல்நாளே சொல்லிவிட்டால் இன்னொரு கிலோ இறங்கும். அந்நாளில் வழிநடப்போர்க்காக ஊர்ப்பெரியோர் சுமைதாங்கி நட்டனர். இந்நாளில் கல்வி நிலையத்தில் நிலைப்பேழை அமைப்பது அதே அறத்தின் தொடர்ச்சியன்றோ?

மாணவச் செல்வங்களே! இன்றிரவு உங்கள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். சென்ற பருவத்து நூல் ஒன்று நிச்சயம் விழும். அதனை எடுத்து அலமாரியில் வையுங்கள். இரு வார்களையும் இரு தோளிலும் மாட்டி, பை முதுகோடு ஒட்டுமாறு இழுத்துக்கொள்ளுங்கள். புதிய பை வாங்கும் நாள் வரும்போது நாடாவும் நாள்தோறும் சுமக்கும் பொருள்களும் உங்களோடு கடைக்கு வரட்டும்.

பருவதமலையில் கால் வழுக்கிய அம்மாணவன் இப்போது ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியன். அண்மையில் எம்மைக் காண வந்தபோது அவன் முதுகில் பழைய பையே இருந்தது. வாரின் மூலைகளில் சதுரமும் குறுக்குக்கோடுமாகப் புதுத் தையல். “ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பையைத் திங்கள்தோறும் ஒருநாள் கவிழ்க்கச் சொல்கிறேன் ஐயா” என்றான். எமக்கு அதனினும் வேறு மகிழ்ச்சி வேண்டுவதில்லை.